மன்னிப்பு கேட்காத இரண்டு நாள்

"ஸாரி மட்டும் சொல்லிடாதீங்க சார். கம்பெனி எழுத்துல சம்மதிக்கிறதுக்கு முன்னால தப்ப ஒத்துக்கிட்டா, பாலிசி கைவிட்டுடும்" என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அப்துல் சமத்.

ஃபிரெட்ரிக் அபிராமபுரத்தில் வீட்டிலிருந்தபடியே அழைப்பிதழும் நினைவு அட்டையும் வடிவமைப்பவன். இறந்துபோன ஆரோக்கியநாதன் சாரின் முப்பதாம் நாள் பூசை அட்டையில், அவரும் தம்பியும் நின்ற படத்திலிருந்து அவருக்குப் பதில் தம்பி ஸ்டீவின் முகத்தை வெட்டி வைத்துவிட்டான். கோவிலில் எல்லாருக்கும் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. கொட்டிவாக்கத்தில் உயிரோடிருந்த ஸ்டீவின் வீட்டுக்கு மறுநாளே இரண்டு மாலைகள் வந்தன. அவர் வக்கீலைத் தேடிப் போய்விட்டார்.

வேலையில் தவறு நேர்ந்து வழக்கு வந்தால் தாங்குவதற்கென்று ஃபிரெட்ரிக்கிடம் இருந்தது அந்த ஒரு பாலிசிதான்.

முதல் நாள் சாரின் மனைவி மர்சலின் டீச்சரைப் பார்க்கப் போனான்.

"முப்பத்தெட்டு வருஷம் நான் பாத்த மூஞ்சிடா அது! எப்படிடா மாத்தின?"

"நீங்க சொன்னதப் பதிவு பண்ணிக்கிட்டேன், டீச்சர்."

"பதிவா? நீ என்ன போலீஸ் ஸ்டேஷனா?" ஆறிக் கிடந்த காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

இரண்டாம் நாள் சரியான படத்தோடு புது அட்டைகளைக் கொண்டுபோனான். அப்துல் சமத் சொன்னபடி அடியில் ஒரு வரி சேர்த்திருந்தான்.

டீச்சர் கண்ணாடி போட்டுப் படித்தார். "'இது தவறை ஒப்புக்கொள்வதாகாது.' ஏண்டா, அவர் படத்துக்குக் கீழயா இதப் போடுவ? மேல போய் ஆண்டவர்கிட்ட நீட்டவா? தேவானை, இன்னும் ரெண்டு இட்லி வை. இவன்கிட்ட பேசத் தெம்பு வேணும்."

வீட்டு வேலை செய்யும் தேவானை இரண்டுக்கு மூன்றாக வைத்தாள்.

மூன்றாம் நாள் டீச்சர் தட்டோடு காத்திருந்தார். ஃபிரெட்ரிக் சுவரில் சாரின் படத்தைப் பார்த்தான். நாலாம் வகுப்பில் தனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தந்தவர் மாலைக்குள்ளிருந்து சிரித்தார். அதற்குமேல் முடியவில்லை.

"தப்பு என்னுதுதான் டீச்சர். மன்னிச்சிடுங்க. பாலிசி போனாப் போகட்டும்."

டீச்சர், "சரிப்பா. விடு" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, படத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நெஞ்சிலிருந்து கல் இறங்கினாற்போல் வெளியே வந்தவனை வாசலில் தேவானை மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னா சார், இப்டி பண்ணிட்ட? ஒரு மாசமா ஒரு வார்த்த பேசாம, ஒரு வாய் சோறு துண்ணாம கெடந்த அம்மா, ரெண்டு நாளாத்தான் உன்னத் திட்டிக்கினே துண்ணுகினு இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் கழிச்சு மன்னிப்பு கேட்டா இன்னா கொறஞ்சா பூடுவ?"