ஒரு நாள் பயிற்சி, ஏழு நாள் வலி

உடற்பயிற்சி செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செய்யாதவர்களைக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் இனம் உண்டு: ஒரே ஒரு நாள் பயிற்சி செய்துவிட்டு, அதில் கிடைத்த வலியை ஒரு வாரம் ஊர் முழுக்கக் காட்டிவருகிற இனம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்கு நாலு பேராவது தேறுவார்கள். உட்காரும்போது "ஸ்ஸ்" என்பார்கள். எழும்போது "அம்மாடி" என்பார்கள். "என்ன ஆச்சு?" என்று நீங்கள் கேட்கவில்லையா? கேட்கும்வரை உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்கள்.

பூபதியை எடுத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்து நான்கு. வீடு உத்தனப்பள்ளியில், வேலை ஓசூரில், லேத் ஆபரேட்டர். 2007-ஆம் வருடக் கம்பெனி விளையாட்டு விழாவில் புதிதாகக் குத்துச்சண்டையைச் சேர்த்தார்கள். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய பசை காய்வதற்குள் முதல் பெயராகத் தன் பெயரை எழுதியவர் இவர்தான். அன்று மாலையே கல்லாவியில் இருக்கும் மாமனார் கங்கப்பனுக்கு போன் போட்டு, சண்டையைப் பார்க்கக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர், கம்பெனியின் செக்யூரிட்டி ஹவில்தார் சென்னகிருஷ்ணன். பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. ஞாயிறு ஒரு பயிற்சி, வியாழன் ஒரு பயிற்சி. இரண்டுக்கும் வந்தவன்தான் அடுத்த ஞாயிறு மேடை ஏறலாம்.

முதல் ஞாயிறு பூபதி பிரமாதப்படுத்தினார். கயிறு தாண்டினார், மணல் பையைக் குத்தினார், குத்தும்போது வாயால் சத்தம்கூடக் கொடுத்தார். பிறகு அதே பையை ஃபோர்ஜிங் செக்‌ஷன் ஹரீஷ்குமார் குத்தினான். பை, கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. அவன்தான் பூபதியோடு மோதப் போகிறவன். அந்த நொடியிலேயே பூபதிக்கு வலி வந்துவிட்டது என்று சொல்வது அநியாயம். மறுநாள் காலையில்தான் வந்தது.

வந்த வலி நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். திங்கட்கிழமை கையைத் தலை வரைக்கும் தூக்க முடியாமல், சீப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து சீவினார். சட்டைப் பித்தானை மனைவி சுப்ரியா போட்டுவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆஹா!

அன்றுமுதல் பஸ் ஒரு வைத்தியசாலை ஆனது. பக்கத்து சீட்டு முனிவேல் கொள்ளு ரசம் குடிக்கச் சொன்னார். டிரைவர் கரியப்பன், நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார். ஐஸ் வைக்கச் சொன்னவருக்கும் வெந்நீர் ஊற்றச் சொன்னவருக்கும் மத்திகிரி கூட்டுரோடுவரை சண்டை நடந்தது. பூபதி எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். எதையும் செய்யவில்லை. குணமாகிவிட்டால்?

சென்னகிருஷ்ணன் மட்டும் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "தண்ணி குடி, நல்லாத் தூங்கு, மெதுவா கையக் காலை ஆட்டு. நாலு நாள்ல தன்னால போயிரும். வியாழக்கிழமை வந்துரு."

"வரணும்னுதாண்ணா ஆசை. உடம்பு வுடணுமே!"

பூபதியின் கணக்கு புரிகிறதல்லவா? வியாழன்வரை வலி நீடித்தால் போதும். மேடை ஏற வேண்டியதில்லை. மாமனாரிடம், "இந்த வலி மட்டும் இல்லாட்டி அவன ஒரு வழி பண்ணியிருப்பேன்" என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் வியாழன் காலை எழுந்தால், வலி போய்விட்டிருந்தது. தோளை அமுக்கினார். இல்லை. தொடையைக் கிள்ளினார். கிள்ளிய இடம் மட்டும் வலித்தது. மூன்று நாள் கூடவே இருந்துவிட்டு இப்படியா சொல்லாமல் போவது? சமாளித்துக்கொண்டு, "சுப்ரியா, பித்தான்..." என்று முனகினார்.

"நீங்களே போட்டுக்கோங்க. பரண்மேல இருந்து பூட்ஸ எட்டி எடுத்தப்ப வலிக்கலையா?"

அன்று பஸ், சானமாவு காட்டருகே வண்டிகளுக்குப் பின்னால் நின்றது. ராகிக் கொல்லையில் மேய்ந்துவிட்டு யானைக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் இறங்கினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் போய் நின்றவர் பூபதி. முனக மறந்துவிட்டார், பாவம். கடைசியாகப் போன கொம்பன் நின்றது, காதை விரித்தது, இவர்கள் பக்கம் இரண்டே அடி எடுத்து வைத்தது.

எல்லோருக்கும் முன்னால் நின்ற பூபதிதான் எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸுக்குள் இருந்தார். மூன்று படிகளையும் அவர் கால் தொடவில்லை. இன்ஜின் பெட்டியைத் தாண்டி, முனிவேலின் டிபன் பையைத் தாண்டி, கடைசி சீட்டில் போய் விழுந்தார். யானை காட்டுக்குள் போய்விட்டது. பூபதி மெதுவாகத் தொடையைப் பிடித்து, "ஸ்ஸ்..." என்று ஆரம்பித்தார்.

சென்னகிருஷ்ணன் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "ஃபுட்வொர்க் அருமையா இருக்குதுப்பா. சாயங்காலம் அஞ்சரைக்கு வந்துரு."

"வருவாருண்ணா," என்றார் முனிவேல். "நாங்களே இட்டாந்து வுடறோம்."

கொண்டுவந்தும் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூபதி மேடை ஏறினார். மணி அடித்தது. மூக்குக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார், இரண்டாவது சுற்றுக்கு ஹரீஷ்குமார் விடவில்லை. கங்கப்பன் மேடையருகே வந்து, "உளுந்தாலும் ஜோரா உளுந்தீங்க மாப்ள" என்று தூக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பஸ் மொத்தமும் அவருக்காகக் காத்திருந்தது. "எப்படிப்பா இருக்குது?" என்று பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டார்கள். வாழ்நாளில் இப்படி ஒரு சபை அவருக்கு அமைந்ததே இல்லை; வலியும் அசல் வலி. ஆனால் அது தாடையில் இருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. நல்ல வலி ஒன்று சொல்லப்படாமலே ராயக்கோட்டை சாலையில் வீணாய்ப் போனது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்கிறீர்களே, என்ன ஆச்சு? நேற்றுத்தான் ஜிம்மில் சேர்ந்தீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள். நான் கேட்கவே இல்லை.