சேர் முதலில் எழும்பட்டும்

என் சோம்பேறித்தனத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. அப்படிப்பட்ட நான், 1970களில் மூன்று கிழமை, பின்னேரம் ஆறரை வரை கந்தோரில் இருந்தேன். (இருந்தேன் என்றுதான் சொன்னேன். வேலை செய்தேன் என்று சொல்லவில்லை.)

கொழும்பிலிருந்து மெல்பேர்ன் வந்து, ஒரு கட்டட நிறுவனத்தில் படம் வரைபவனாகச் சேர்ந்த புதிது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நோபல் பார்க் புறநகரில் ஒற்றை அறை, ஆறு மாதக் கர்ப்பிணியாக மனைவி. "இஞ்சேருங்கோ, இந்த வேலையும் போச்செண்டால் என்ன செய்யிறது?" என்று தினமும் தேநீரோடு பயத்தையும் ஊற்றித் தருவாள்.

நாலரைக்கு மணி அடித்தால் கந்தோர் காலி. ஆனால் மேலாளர் கென் மட்டும் தன் கண்ணாடி அறையில் அப்படியே இருந்தார். கொழும்பில் ஆறு வருடம் நான் கற்றது ஒன்றே ஒன்று: பெரியவர் எழும்பாமல் சின்னவன் எழும்பக்கூடாது. நானும் இருந்தேன். ஐந்து. ஐந்தரை. அவர் எட்டிப் பார்ப்பார், நான் பென்சிலை வேகமாக ஆட்டுவேன். அவர் பெருமூச்சு விட்டுத் திரும்ப உட்காருவார். 'என்ன ஒரு உழைப்பாளி!' என்று வியந்தேன்.

பின்னேரத்துக்கு வேலை வேண்டுமே! பகலில் முடித்த படங்களை மேசை லாச்சிக்குள் ஒளித்துவிட்டு, ஒரே படிக்கட்டை அழித்து அழித்து வரைந்தேன்.

மூன்றாம் வெள்ளி, ஆறு மணிக்குக் கூப்பிட்டார்.

"மற்றவர்கள் நாலரைக்குள் முடிக்கிறார்கள். உனக்கு ஆறரையும் போதவில்லை. இந்த வேலை உனக்குச் சரிவருமா என்று யோசிக்கிறேன்."

"சேர், இனி எட்டு மணி வரை இருக்கிறேன்!"

அவர் முகம் வெளிறியது. "ஐயோ, வேண்டாம்! என் மனைவி என்னோடு பேசியே ஒரு கிழமை!"

ஓடிப்போய் லாச்சியைக் கவிழ்த்தேன். பதினொரு படங்கள். "எல்லாம் எப்பவோ முடிஞ்சுது சேர்."

"அப்படியானால் ஏன் வீட்டுக்குப் போகவில்லை?"

"நீங்கள் போகாமல் நான் எப்படி சேர்?"

கென் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் காட்டினார். "கதவைப் பூட்டுவது நான். நீ போகாமல் நான் எப்படி?"

இரண்டு பேரும் அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தது அவர்தான். நான் சிரிக்கவில்லை. (வேலை இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லையே!)

இருந்தது. திங்கள் முதல் நாலரைக்கு அவர் திறப்புக் கோர்வையைக் கிலுக்குவார், நான் எழும்பி ஓடுவேன். படிக்கட்டையும் ஒரே தடவையில் வரைந்தேன்.

கதையை மனைவியிடம் சொன்னதுதான் என் அடுத்த பிழை. இன்றும் வீட்டுக்கு வந்தவர்கள் எழும்ப மறந்து கதைத்துக்கொண்டிருந்தால், குசினிக்குள்ளிருந்து திறப்புக் கோர்வையைக் கிலுக்குவாள். வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. சப்பாத்தைத் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது நான்தான்.