பாதியில் நிற்கும் முள்

“முள்ளு இன்னும் கீழயேதான் படுத்திருக்கு.”

“எந்திரிச்சுக்குமுங்கப்பா. இப்பத்தான ஸ்டார்ட் பண்ணுனீங்க.”

“பத்து நிமிசமாச்சு கண்ணு. பழைய வண்டின்னா சாவி போடறப்பவே பாதியில நிக்கும்.”

“ஏனுங்க, பஸ்ஸு போகுது,” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜஸ்டஸ் நிமிர்ந்து பார்த்தார். ஏழேகால் மணி ஊட்டி பஸ் தேயிலைச் சரிவின் வளைவில் திரும்பி, பனிமூட்டத்துக்குள் பின்விளக்கு இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொள்வதுபோல மறைந்தது.

“போனாப் போகட்டும். நமக்குத்தான் வண்டி இருக்குதே,” என்றார். சொல்லும்போதும் அவர் கண் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேல்தான் இருந்தது.

கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ரூம் கிளார்க் ஜஸ்டஸ். இலை காய்கிற எந்திரத்தின் சூட்டை அரை மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. முள் குறித்த இடத்தில் நின்றால் தூள் நல்ல தூள். இரண்டு கோடு ஏறினால் கருகல், இரண்டு கோடு இறங்கினால் ஈரம். எதுவானாலும் மேனேஜர் அறைக்குப் போய் நிற்க வேண்டும். சூடு என்றால் அசையாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடுத்தபடியான விசுவாசம்.

போன வாரம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் அந்த விசுவாசத்தில் சேராதது.

முன் சீட்டில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த மகள் ஜோவிதாவுக்குப் பதினொரு மணிக்கு ஊட்டியில் இன்டர்வியூ. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர் வேலை. பதினொன்றுக்குமேல் வருகிறவர்களைப் பார்க்க மாட்டோம் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். இது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அவள் திருப்பூர் போக வேண்டும். பனியன் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையைச் சித்தப்பா பார்த்து வைத்திருந்தார். திருப்பூருக்கு அவள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். எந்தத் தெருவின் முடிவிலும் மலை இல்லை என்பது மட்டும் ஞாபகம்.

“காலையில குளிரு ஜாஸ்திப்பா. ஓட ஓடச் சூடாயிரும். கெளம்பலாம்.”

“சூடாகாத வண்டிய மேட்டுல ஏத்தறதா? இரு.”

குளிர்காலத்தில் ஊட்டி லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை சொருகி வைப்பார்கள் என்று ஜஸ்டஸ் எப்போதோ கேள்விப்பட்டிருந்தார். வீட்டுக்குள் போய்த் தேயிலைப் பெட்டி ஒன்றின் பக்கத்தைக் கிழித்து வந்து, முன் சல்லடைக்குப் பின்னால் காற்றுப் புகாதபடி இறுக்கிச் சொருகினார். இன்னும் இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார்.

முள் மெல்ல எழுந்து பாதிக்கு வந்தது. ஜஸ்டஸின் முகத்தில் வெயில் அடித்தது.

“ஜூடித், எழுதிக்க. ஏழு நாப்பத்தஞ்சு. பாதி.”

பின் சீட்டில் இருந்த மனைவி ஜூடித், அவர் தந்த பாக்கெட் நோட்டில் எழுதினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முள்ளின் நிலையை எழுதுவது இன்று அவள் பொறுப்பு.

முதல் நாலு கிலோமீட்டர் சொர்க்கமாக இருந்தது.

“பழைய வண்டி பதினோரு வருசம் ஓடுச்சு. முள்ளு ஆணி அடிச்ச மாதிரி பாதியில நிக்கும். மேடோ பள்ளமோ அதுக்குக் கவலையே கிடையாது. வாங்குன முதல் மாசம் மட்டும் கொஞ்சம் சேட்டை பண்ணுச்சு. ஷிஜோ ஒரு சர்வீஸ் பண்ணிக் குடுத்தான், அதோட சரி. தங்கமான மெக்கானிக். கூப்புடாமயே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து தண்ணி பாத்துட்டுப் போவான். இந்தக் காலத்துல யாரு வர்றா?”

ஜூடித் ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகப் பார்த்த அதே செடிகள்தான்.

ஏற்றம் ஆரம்பித்தது. முள் பாதியைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியது.

ஜஸ்டஸ் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் முன்பக்கத்தில் ஏதோ உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“சாவிய எடுத்த பொறகும் கத்துது பாரு.”

“ஃபேனுப்பா. சூடானாத் தானா ஓடும், ஆறுனாத் தானா நின்னுக்கும்.”

“பழைய வண்டியில ஃபேன் ஓடியே நான் பாத்ததில்ல.”

“ரேடியோவ அவ்வளவு சத்தமா வச்சா எப்படிக் கேக்கும்?” என்றாள் ஜூடித்.

பத்து நிமிடம் ஆறவிட்டுச் சாவியைத் திருப்பினார். முள் முன்பைவிட மேலே போய் நின்றது.

“ஆற வச்சா ஏறுது. இதென்ன பொழப்பு?”

“எஞ்சின் நின்னா பம்ப்பும் நின்னுருங்கப்பா. தண்ணி சுத்தாது. உள்ள இருக்கிற சூடு அங்கயே தேங்கும். ஓடவிட்டாத்தான் ஆறும்.”

“ஓடுனா ஆறுமா? நீ இந்த மேட்டுல ஓடிப் பாரு, ஆறுதான்னு.”

பிசிக்ஸில் தங்கப் பதக்கம் வாங்கியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த ஆறு கிலோமீட்டரில் வண்டி மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் முள் இன்னும் கொஞ்சம் மேலே இருந்தது. ஜஸ்டஸ் நேரத்தையும் நிலையையும் உரக்கச் சொல்ல, “எழுதியாச்சுங்க,” என்றாள் ஜூடித்.

கோத்தகிரியில் ஷிஜோவின் பட்டறை பூட்டியிருந்தது. ஜஸ்டஸ் போன் போட்டார்.

“அரவேணுல ஒரு வண்டி நின்னுபோச்சு சாரே, அங்க இருக்கேன். முள்ளு எவ்விடம் நிக்குது?” என்றான் ஷிஜோ, மலையாளம் கலந்த தமிழில்.

“பாதிக்கு ரெண்டு விரல் மேல.”

“சிவப்பத் தொட்டோ?”

“இல்ல.”

“எங்கில் கொழப்பம் இல்ல, பயமே வேண்டாம். ஓட்டிப் போங்க. சிவப்புக்குப் போச்சுன்னா மட்டும்…”

லைன் அறுந்துபோனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. மணி ஒன்பது நாற்பது.

“போச்சுன்னா மட்டும், என்னன்னு தெரியலயே,” என்றார் ஜஸ்டஸ்.

“அதுதான் போகலயேப்பா.”

“போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணுமில்ல?”

அப்போதுதான் அவருக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. எஞ்சின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிட்டால் எஞ்சின் ஆறும். மகள் படித்த பாடத்தில்கூட அது சரிதான் என்பதால் அவளால் மறுக்க முடியவில்லை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. வெளியே ஆட்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் போய்க்கொண்டிருக்க, காருக்குள் மூன்று பேர் சித்திரை மாத மேட்டுப்பாளையத்தில் இருந்தார்கள். ஜோவிதாவின் கஞ்சி போட்ட காட்டன் சேலை மொறுமொறுப்பை இழந்தது. நெற்றியில் வியர்வை வழிய, அவள் இன்டர்வியூ கடிதத்தால் விசிறிக்கொண்டாள்.

முள் அரை விரல் இறங்கியது. கட்டபெட்டு தாண்டி மேடு வந்ததும் திரும்ப ஏறியது.

ஜஸ்டஸ் நிறுத்தினார். இந்தத் தடவை பானட்டைத் திறந்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நோக்கிக் குனிந்தார்.

“அண்ணா, கைய எடுங்க.”

பின்னால் கேரட் மூட்டைகளோடு ஒரு பிக்கப் வந்து நின்றிருந்தது. ஓட்டி வந்தவள் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஜெர்கின்.

“சூட்டோட அதத் திறந்தா மூஞ்சி வெந்துரும். அப்புறம் முள்ளப் பாக்கக் கண்ணு இருக்காது. என்னாச்சு?”

“சூடு ஏறிட்டே போகுதுங்க.”

அவள் உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தாள். முன்பக்கம் வந்து குனிந்தாள். சல்லடைக்குப் பின்னால் கைவிட்டு, ‘நீலகிரி தேயிலை, ஈரம் படாமல் வைக்கவும்’ என்று எழுதிய அட்டையை உருவி எடுத்தாள்.

“வண்டி வாயில அட்டைய வச்சு அடைச்சுட்டு, மூச்சு வாங்குதுன்னா வாங்காம?”

ஜஸ்டஸ் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் அதை நினைக்கவே இல்லை.

“இத எடுத்துட்டாப் பாதியில நிக்குமுங்களா?”

“எதுக்கு நிக்கணும்? மேட்டுல ஏறும், எறக்கத்துல எறங்கும். டிராஃபிக்ல நின்னாக் கொஞ்சம் ஏறும், காத்துப் பட்டா எறங்கும். எம் பேரு ராக்கம்மா, பதினஞ்சு வருசமா இந்த ரோட்டுல கேரட் ஏத்தறேன். தெனமும் ஆடுற முள்ளுதான் நல்ல முள்ளு. ஆடாம நிக்குற முள்ளப் பாத்தாத்தான் எனக்குப் பயம்.”

இறங்கி வந்து காப்பி ஊற்றப்போன ஜூடித்தின் கையிலிருந்து ஃபிளாஸ்க் மூடி நழுவி, சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனது.

“இன்னிக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?” என்று ராக்கம்மா கேட்டாள்.

“எனக்குப் பதினொண்ணுக்கு இன்டர்வியூ இருக்குதுக்கா,” என்றாள் ஜோவிதா.

மணி பத்து ஐந்து. ராக்கம்மா சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கடைசியாக ஜஸ்டஸைப் பார்த்தாள்.

“நீ என் வண்டியில ஏறு.”

ஜோவிதா அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிக்கப் கிளம்பி வளைவில் மறைந்தது. ஒரு கேரட் மட்டும் சாலையில் விழுந்து கிடந்தது.

ஜஸ்டஸ் அதை எடுத்துத் துண்டில் துடைத்தார்.

“நான் அவள ஏத்திட்டுப் போறதுக்குத்தான் இந்த வண்டியவே வாங்குனேன்,” என்றார்.

ஜூடித் முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். ஹீட்டரை அணைத்தாள். “வாங்க, மெதுவாப் போலாம்,” என்றாள்.

ஊட்டியில் பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. ஜஸ்டஸ் கேட்டைப் பார்த்தார், பூட்டிய காரைப் பார்த்தார். மகள் திருப்பூரில் ஒரு மேஜைமுன் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிற மாதிரியும், ஒவ்வொரு லேபிளிலும் ‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்று எழுதியிருக்கிற மாதிரியும் அவருக்கு ஒரு காட்சி வந்து வந்து போனது.

ஒன்றரைக்கு ஜோவிதா வெளியே வந்தாள். தலைமுடியில் கேரட் தழை ஒன்று ஒட்டியிருந்தது. ஓடி வந்தவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்து ஐம்பத்திரெண்டுக்குப் போயிட்டேன்ப்பா. ஒரு பாடம் நடத்திக் காட்டுன்னாங்க. வெப்பம். எதுவும் தோணல. காலையில நடந்தத அப்படியே நடத்திட்டேன். எஞ்சின் ஏன் மேட்டுல சூடாகுது, நின்னா ஏன் ஏறுது, ஓடுனா ஏன் ஆறுது, அட்டை வச்சா என்ன ஆகும். அட்டைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. இங்கயே ஹாஸ்டல்ல தங்கிக்கலாம்.”

ஜஸ்டஸ் துண்டில் சுற்றி வைத்திருந்த கேரட்டை மகளிடம் நீட்டினார். அவள் அங்கேயே கடித்துத் தின்றாள். காலையிலிருந்து யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

திரும்பும்போது இறக்கம். செகண்ட் கியரில் வண்டி இறங்க, முள் பாதிக்குக் கீழே வந்தது. ஜஸ்டஸின் கை ஒருமுறை ஸ்டியரிங்கை இறுக்கியது. “ஏறும், எறங்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பனிமூட்டம் விலகி, சரிவெல்லாம் பச்சையாக எழுந்து நின்றது. ஜோவிதா பின் சீட்டில் தூங்கிப்போனாள்.

கோத்தகிரியில் ஷிஜோ பட்டறையைத் திறந்திருந்தான். தண்ணீர், ஃபேன், பெல்ட் எல்லாவற்றையும் பார்த்துக் கையைத் துடைத்தான்.

“நல்ல வண்டி சாரே. ஒண்ணும் இல்ல.”

“தெரியும், தெரியும். ஏறும், எறங்கும். அதுதான் நார்மல்,” என்று ஜஸ்டஸ் அவனுக்கே விளக்கினார். “இருந்தாலும் நோட்டு ஒருக்காப் பாத்துரு. எல்லாம் எழுதி வச்சிருக்கு.”

ஷிஜோ நோட்டைப் புரட்டினான். “இதுல எல்லாம் பாதின்னுதானே எழுதியிருக்கு?”

ஜஸ்டஸ் வாங்கிப் பார்த்தார். ஏழு நாற்பத்தைந்து, பாதி. எட்டு பத்து, பாதி. ஒன்பது நாற்பது, பாதி. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி விடு. இனிமே நானே பாத்து நானே எழுதிக்கறேன்,” என்றார். “திங்கக்கெழமை காலையில பாப்பாவ நான்தான் கொண்டுபோய் விடுவேன். வெள்ளிக்கெழமை போய்க் கூட்டிட்டு வருவேன். வாராவாரம். ராக்கம்மா வண்டியெல்லாம் வேண்டாம். திருப்பூருக்குப் போன் பண்ணி வேலை கெடச்சத சொல்லிட்டு வந்தர்றேன், இங்க டவர் இல்ல.”

போனை உயரப் பிடித்தபடி அவர் சாலையைத் தாண்டி, பேக்கரி வாசல் வரை போகிற வரைக்கும் ஜூடித் காத்திருந்தாள். அப்புறம் ஷிஜோவின் பக்கம் வந்து, தூங்குகிற மகள் எழுந்துவிடாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, பழைய வண்டியில வயரக் கழட்டிட்டு முள்ளப் பாதியில ஒட்டிக் குடுத்தீங்களே, அதே மாதிரி இதுக்கும் திங்கக்கெழமைக்குள்ள செஞ்சு குடுத்துருங்களேன்.”