மூன்றாம் நம்பர் மிஷினும் ஒன்பது குழிகளும்

இருபத்து மூன்று வயதில் எனக்குப் புதையல் பைத்தியம் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அது எழுபதுகளின் நடுப்பகுதி. கொழிஞ்சாம்பாறையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியின் படம் ஒரு பழைய பத்திரிகையில் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றாம் நம்பர் மிஷினை இரண்டு உடைந்த டிரான்சிஸ்டர்களைப் பலகையில் கட்டிச் செய்தேன். காசு இருந்தால் கத்தும். ஆனால் காசை அதன் மேலேயே வைக்க வேண்டும். (அப்புறம் மிஷின் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள்.) இரண்டாம் நம்பரில் பூத்தையல் வளையத்தில் செம்புக்கம்பி சுற்றினேன். இரண்டு விரல் ஆழம் வரைக்கும் மோப்பம் பிடித்தது. நடுநடுவே விவசாய நிகழ்ச்சியும் பாடியது. மூன்றாம் நம்பரில் பெரிய பிளாஸ்டிக் வாளி மூடியைச் சுற்றிக் கம்பி, ஊரே கேட்க ஸ்பீக்கர்! பெரிய இரும்பாக இருந்தால் ஒரு முழத்துக்கு அப்பாலேயே அலறியது. கைப்பிடி மட்டும் இரண்டடி மூங்கில் துண்டு. அவசரத்தில் கையில் கிடைத்தது அதுதான்.

அந்த வாரம் பழனிச்சாமி மாமா வீட்டு அத்தையின் கல்தோடு ஒன்று, கடலை பிடுங்கும்போது காட்டில் விழுந்துவிட்டது. அவருடைய அம்மா போட்டுவிட்ட தோடு. இரண்டு நாளாக அழுகை. எனக்கோ அவர்கள் மகள் சரசுவைக் கட்டிக்கொள்ளும் ஆசை. விடுவேனா? புது பெல்பாட்டம், உள்ளங்கை அகல இரும்பு பக்கிள் வைத்த பெல்ட், கையில் மூன்றாம் நம்பர் மிஷின் சகிதம் அந்தக் காட்டில் போய் இறங்கினேன்.

"வா ரேடியோக்காரா" என்றார் மாமா, சுரத்தே இல்லாமல்.

நாலு எட்டு வைத்துக் குனிந்தேன். கீ...ச்! மிஷின் அலறியது. என் மயிரெல்லாம் சிலிர்த்தது.

"மாமா, தோடு இப்படிக் கத்தாதுங்க! இது பெரிசுங்க! குடமாக்கூட இருக்கும்!"

"தோண்டுங்கடா!" என்று ஆட்களைப் பார்த்துக் கத்திய மாமா, என் தோளில் கை போட்டார். "மாப்ள, இன்னும் எங்கெங்க கத்துதுன்னு பாரு."

மாப்ள! அந்தச் சொல்லில் பறந்தேன். பத்தடி தள்ளிக் குனிந்தேன், கத்தியது. அங்கும் ஒரு குழி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். தோட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். இடுப்பளவு ஆழத்தில் எட்டுக் குழி. ஒரு ஆணிகூட இல்லை.

ஒன்பதாவது குழி வெட்டும்போது சரசு பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்த்தாள். (நான் தலையை வாரிக்கொண்டேன்.)

"அப்பா, இவரு நிமிந்து நின்னா மிஷினு கம்முனு இருக்குதுங்க. குனிஞ்சாத்தான் கத்துது. அந்த பெல்ட்டக் கழட்டச் சொல்லுங்க."

கழட்டிக் குனிந்தேன். மிஷின் மூச்சு விடவில்லை.

"ஏண்டா, உன்ற இடுப்புல இருக்கற இரும்புக்கு என்ற காட்டுல ஒம்பது குழியா!"

காடே சிரித்தது. ஓடிவிடலாம் என்றால், ஒரு கையில் மிஷின், மறு கையில் நழுவும் பேண்ட். ஆனால் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொருக்கா பாரு கண்ணு" என்றார். பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே, பிடுங்கிப் போட்ட கடலைச்செடிகளின் ஓரமாக மூடியை நகர்த்தினேன். நொந்த குரலில் ஒரு 'கிக்'. அத்தை மண்ணாங்கட்டியைப் பிட்டார். உள்ளே தோடு!

நான் குதித்தேன். குதிக்கும்போது இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாலாம் நம்பருக்கு ஐந்தடிக் கைப்பிடி வைத்தேன். சரசு சொன்ன யோசனை. அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். வெட்டின குழியை எதற்கு மூட வேண்டும் என்று மாமா ஒன்பதிலும் தென்னங்கன்று வைத்துவிட்டார். இன்றைக்கும் அந்தக் கடலைக்காட்டின் நடுவே, வரிசையும் இல்லாமல் வளைவும் இல்லாமல், கண்டபடி ஒன்பது தென்னைமரங்கள் நிற்கின்றன. புதிதாக யார் வந்து கேட்டாலும் சரசு முகம் மாறாமல் சொல்வாள்:

"அதுங்களா? எங்க ஊட்டுக்காரரு குனிஞ்ச எடமுங்க."