இழுவையின் கண்

தாய்மொழியில் கேள்வி கேட்டால் பதில் சொல்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. என் வாழ்க்கையிலேயே பெரிய நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொல்லிவிட்டு, தமிழில் கேட்ட ஒரே விஷயத்தில் குப்புற விழுந்தவள் நான்.

எழுபதுகளின் கடைசி. காளவாசல் பக்கம் எங்கள் வீடு. சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அம்மா மெதுவாகத்தான் சொல்வாள். அந்த வீட்டில் பிறந்து நான் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். (தாவரவியலுக்குத்தான் முதலில் மனுப் போட்டேன். இடம் கிடைக்கவில்லை.) கல்லூரியிலிருந்து வந்ததும் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் அனுமதி.

வேண்டாவெறுப்பாகச் சேர்ந்தவளைக் கடல் பிடித்துக்கொண்டது. அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் கூட்டம் கூடுகிற ஊர்க்காரிக்குக் கடல் எங்கே தெரியும்? சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கடல்குதிரை மிதந்துகொண்டிருந்தது. மற்ற பெண்கள் சாப்பிடப் போனதும் நான் அதன் எதிரே உட்கார்ந்திருப்பேன். அது இருந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஏக்கமாக இருக்கும். கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை.

அப்போதுதான் கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்று விழுந்தது. நேர்காணல் பசுமலையில் ஒரு கல்லூரியில். அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"கெடைச்சாப் போ. கெடைக்கலேன்னா வாடிப்பட்டிக்காரங்களுக்கு நான் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

வாடிப்பட்டியில் பாங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தார். கடலா, வாடிப்பட்டியா என்பது ஒரு காலை நேரத்தில் முடிவாக வேண்டும்.

நான் சளைக்கவில்லை. நம் கடலோர மீன்களைப் பற்றி எதுவெல்லாம் இன்னும் ஆராயப்படவில்லை என்று கேட்பார்கள் எனப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதற்கு என்னிடம் அருமையான பதில் இருந்தது. வலையில் 'மெஷ் சைஸ்', அதாவது ஓட்டையின் அளவு, சிறிதாக இருந்தால் முட்டையிடும் வயதுக்கு வராத குஞ்சுகளும் சிக்கிவிடும். எந்த மீன் எந்த அளவில் முதல்முறை முட்டையிடுகிறது என்று நம் கரையில் பல மீன்களுக்கு யாரும் பார்த்து எழுதவில்லை. அது தெரியாமல் வலை எப்படி இருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? விடியற்காலையில் கரைக்குப் போய், வந்து இறங்கும் மீன்களை வாங்கி அறுத்துப் பார்த்து, ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்யத்தான் எனக்கு ஆசை. அம்மாவிடம் அறுக்கும் பகுதியை மட்டும் சொல்லவில்லை.

துணைக்கு அண்ணன் வந்தான். டவுன் பஸ்ஸிலேயே என்னைத் தயார் செய்தான்.

"கடல்ல எம்புட்டுத் தண்ணி இருக்கும்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கண்ணே."

"கேட்டா?"

உள்ளே மூன்று பேர். அண்ணன் வெளியே ஜன்னலுக்குக் கீழே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். (அந்த ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.) முதல் இருவரும் ஆங்கிலத்தில் கேட்டார்கள். செவுள், செதில், உப்பின் அளவு, எல்லாம் சொன்னேன். என் கைக்குட்டை பிழிந்தால் சொட்டுகிற நிலையில் இருந்தது. அதைப் பார்த்து மூன்றாமவருக்கு இரக்கம் வந்துவிட்டது. கரையிலேயே பல காலம் வேலை பார்த்த அதிகாரி.

"ஏம்மா இப்படி வேர்க்குது? பயப்படாத. நாம தமிழ்லயே பேசுவோம். இந்த இழுவையில கண்ணு ரொம்பச் சின்னதா இருக்குன்னு ஒரு பேச்சு இருக்கே, அதப் பத்தி என்ன நினைக்கிற?"

வாளை, சாளை, பாறை என்று மீன் பெயர் கேட்டிருக்கிறேன். இழுவையும் அந்த ஜாதிதான் என்று அரை நொடியில் முடிவு கட்டினேன். தெரியாது என்று சொல்கிற பழக்கம் அந்த வயதில் ஏது?

"ஆமா சார். அது ஆழத்துல வாழுது. அங்க வெளிச்சம் கம்மி. அதான் கண்ணு சின்னதாப் போச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கண்ணைப் பெருசாக்கணும்னு சொல்றாங்களேம்மா?"

"அது உடனே நடக்காது சார். பரிணாம வளர்ச்சி. லட்சக்கணக்கான வருசம் ஆகும்."

"மீன்பிடிக்கிறவங்க ஒத்துக்குவாங்களா?"

"மீன் ஒத்துக்கணுமே சார்."

பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரையேறியது. அதிகாரி மட்டும் சிரிக்காமல் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். "சரி, இதுல இன்னும் என்ன ஆராய்ச்சி பாக்கி இருக்கு?"

"அதுக்குப் பார்வை சரியாத் தெரியுதான்னு யாரும் சோதிக்கலை சார்."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இழுவைன்னா போட்டுல கட்டி இழுக்கிற வலைம்மா. கண்ணுன்னா அதுல இருக்கிற ஓட்டை."

மெஷ் சைஸ். நான் தலைகீழாகப் பாடம் செய்த மெஷ் சைஸ். எங்கள் வீட்டுச் சல்லடையின் ஓட்டைக்கும் அம்மா கண் என்றுதான் சொல்வாள். அதுகூட எனக்கு நினைவு வரவில்லை.

"சார், எனக்குத் தெரியும் சார். முட்டை போடுற வயசு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "போயிட்டு வாம்மா" என்றார் அதிகாரி, அன்பாகத்தான். நான் எழுந்தபோதே இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் நடித்தே காட்டிவிட்டான். அப்பா சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, வாடிப்பட்டிக்குத் தகவல் சொல்லச் சட்டையை மாட்டினார்.

கல்யாணத்திலேயே அண்ணன் கதையை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டான். அவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு வாடிப்பட்டியில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. தவளை வரைபடம் போட்டுப் போட்டுக் கை தேய்ந்தது.

கடலை முதலில் பார்த்தது அதற்கெல்லாம் பிறகு, ராமேஸ்வரத்தில், இரண்டு குடும்பமும் சேர்ந்து போனபோது. எல்லோரும் அலையில் கால் நனைத்தார்கள். நான் மணலில் காயப்போட்டிருந்த வலையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணுவுக்கு மேல் போகவில்லை. இதற்குள் எந்தக் குஞ்சு தப்பும், எது தப்பாது? யாராவது இன்னும் பார்த்து எழுதியிருக்கிறார்களா? அங்கேயே இருந்துவிட வேண்டும் போலிருந்தது.

"மாப்ள, அங்க பாருங்க, தங்கச்சி கண் டாக்டர் வேலைய ஆரம்பிச்சிருச்சு" என்றான் அண்ணன்.

"இழுவைக்குக் கண்ணாடி எழுதிக் குடுத்துட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே. தட்டியது போதும் என்று தோன்றியதும் மிச்ச மணலோடு பஸ் ஏறினேன்.

அண்ணன் பிள்ளைகளுக்கு நான் இன்றுவரை 'இழுவை அத்தை'தான். நான் எதையும் நீட்டி முழக்கிப் பேசுவதால் வந்த பெயர் என்று புதிதாக வந்த மருமகள்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. யார் அப்படிக் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பார்ப்பேன். கடலிலிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.