கடவாய்ப்பல்காரரின் லாரி

இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று பல் டாக்டர் முடிவு செய்தபோது, அவர் இழுவை வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சங்கிலியில் அவர் வாங்கிய லாரி ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. தெருமுனை திரும்பியதும் முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது. வீட்டை நெருங்கியதும் விழுந்தே விட்டது. முடிவைச் சொல்கிறேன். கேட் விழுந்தது அதற்கு அப்புறம்தான்.

லாரி என்றதும் மூட்டை ஏற்றும் லாரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய மலை லாரி. கல்குவாரி ஒன்றில் உழைத்து ஓய்ந்து, மரத்தடியில் புல் முளைத்துக் கிடந்தது. மொண்ணை மூக்கு, ஒற்றைக் கண். பானெட் சாத்தாமல் வாயைப் பிளந்து கிடந்தது. வாயைத் திறந்து வைத்திருக்கும் எதையும் எட்டிப் பார்க்காமல் கடந்து போக டாக்டரால் முடியாது. எட்டிப் பார்த்தார். தீர்ந்தது கதை.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மனுஷன் பிழைப்பெல்லாம் ஒரு விரல்கடை இருட்டுக்குள்ளேயே நடந்தது. அவர் கையில் பிடித்ததிலேயே பெரிய ஆயுதம் ஒரு சின்னக் கொறடு. இங்கே ஒரு டயரே அவர் மார்பு உயரம் நின்றது. கோயில் யானை முன்னால் நிற்கும் குழந்தை மாதிரி நின்றார். தொட்டுப் பார்த்தார். கையெல்லாம் துரு. அதைத் துடைக்கக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

கேட் விழுந்த சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வக்கீல் வெளியே வந்தார். எந்த வழக்கையும் முடிய விடாதவர் என்பதால் ஊரில் அவருக்கு வாய்தா வக்கீல் என்று பெயர்.

"என்ன டாக்டர் இது?"

"லாரி சார். நாலு சக்கரமும் இழுக்கும்."

"வீட்டம்மா நாலு பக்கமும் இழுப்பாங்களே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

டாக்டர் விழுந்த கேட்டைத் தூக்கப் பார்த்தார். அவர் மனைவி மாட்டு டாக்டர். மேட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் அவள்தான் வைத்தியம். தன் சின்னக் காரில் போவாள். மழை வந்தால் கார் சேற்றில் உட்கார்ந்துவிடும்; இறங்கி நடப்பாள். "எனக்கு ஒரு நல்ல வண்டி வேணும்ங்க" என்று ஒவ்வொரு மழைக்கும் கேட்பாள். "மழைக்காலம் கொஞ்ச நாள்தானேம்மா, சமாளிச்சுக்கோ" என்று ஒவ்வொரு மழைக்கும் இவர் சொல்வார்.

"கேஸ் ரொம்ப வீக்கு" என்றார் வக்கீல். "உங்க சொத்துன்னாதானே சண்டை? வேற ஒருத்தரோடது, கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சிருக்காருன்னு சொல்லுங்க. வாய்தா வாங்குங்க. அம்மாவுக்குப் பழகினதும், அவரே எனக்குக் குடுத்துட்டாருன்னு மெதுவா முடிச்சுக்கலாம்."

"வேற ஒருத்தர்னா யாரு?"

"தினமும் உங்க முன்னாடி எத்தனை பேர் வாயைத் திறக்கறாங்க! அதுல ஒருத்தரைப் பிடிங்க."

சாயங்காலம் மனைவி வந்தாள். காரில் கதவு வரைக்கும் சேறு. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு இறங்கினாள். விழுந்து கிடந்த கேட்டைத் தாண்டி வந்து, நோயாளி மாட்டைச் சுற்றுவதுபோல லாரியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அதன் வயிற்றில் தட்டிப் பார்த்தாள்.

"யாரோடதுங்க?"

"ஒரு பேஷண்ட்டோடதும்மா. கடவாய்ப்பல் எடுத்தேன்ல, அவரு. வெளியூர் போயிருக்காரு. நிறுத்த எடமில்லைன்னாரு. கொஞ்ச நாள் இங்க நிக்கட்டுமேன்னு..."

"மேல் கடவாயா, கீழ்க் கடவாயா?"

இந்தக் கேள்விக்கு வக்கீல் தயார் செய்து அனுப்பவில்லை.

"ரெண்டும்" என்றார்.

"பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ உள்ளே போய்விட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். முழு லாரியைக் கடவாய்ப்பல்லுக்குள் மறைத்தவர் தான் ஒருவராகத்தான் இருக்கும் என்று டாக்டருக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

வேலை தொடங்கியது. கிளினிக் முடிந்ததும் நேரே லாரிக்கடியில் போய்ப் படுத்துவிடுவார். பல்லிடுக்கு பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். பல் குடையும் ஊசியால் துருவைக் குடைந்தார். கியர்ப்பெட்டியைத் திறந்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள்! எல்லாம் எஃகு. ஒன்றிலும் சொத்தை இல்லை. பற்சக்கரம் என்று பெயர் வைத்தவன் தன்னை நினைத்தேதான் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அன்றைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுகூட அவர் எழுந்து வரவில்லை. ஒரு சக்கரத்தை விரலால் சுற்றினால் அடுத்தது சுற்றியது, அதற்கடுத்தது சுற்றியது, கடைசியில் அந்தக் கோடியில் முன் ஆக்ஸில் அசைந்தது. ஒற்றை விரலுக்கு ஒரு மலை அசைவதைப் பார்த்தவன் எப்படிச் சாப்பிட வருவான்?

மெதுவாகச் சாமான்கள் வீட்டுக்குள் குடியேறின. ரேடியேட்டர் குளியலறைக்கு வந்தது. ஸ்டீயரிங் சோபாவில் உட்கார்ந்தது. மனைவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. கடவாய்ப்பல்காரரைப் பற்றி விசாரித்தாள்.

"அவருக்கு வயசு என்னங்க இருக்கும்?"

"வயசானவருதாம்மா."

"அப்போ இவ்வளவு உசரம் எப்படி ஏறுவாரு? முட்டி வலிக்குமே. ஒரு படி வெச்சுக் குடுங்களேன்."

வயசானவர் என்று சொல்லியாகிவிட்டது. படி வைத்தார்.

அடுத்த வாரம், "அவர் என்ன தொழில் பண்றாரு?"

"ஏதோ... தோட்டம் தொரவு."

"அப்படின்னா பின்னாடி ஈரமும் மண்ணுமாத்தான் ஏத்துவாரு. கழுவற மாதிரி ரப்பர் விரிப்புப் போட்டுடுங்க. ஓரத்துல கொக்கி வைங்க, கயிறு மாட்ட. ஒரு தண்ணி டேங்க்கும் இருந்தா நல்லது. தோட்டக்காரருக்குத் தண்ணியில்லாம எப்படி?"

எல்லாம் வைத்தார். இல்லாத மனிதருக்கு இவ்வளவு பரிவு காட்டுகிறாளே என்று அவருக்குக் குற்ற உணர்ச்சிகூட வந்தது. வக்கீலிடம் சொன்னார்.

"நல்ல அறிகுறி" என்றார் வக்கீல். "எதிர்த்தரப்பே நம்ம சாட்சியை நம்புது!"

வண்டி சேர்ந்து வரும் நேரத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பங்கு போடுகிற இரண்டாவது கியர்ப்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதற்கென்றே ஆணி மாதிரி ஒரு சின்னப் பின் உண்டு, சுண்டுவிரல் நீளம். கை வழுக்கி அது உள்ளே விழுந்துவிட்டது. டங் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடி விட்டார், காந்தம் விட்டார், கொறடு விட்டார். கொறடும் உள்ளே விழுந்தது. முழுவதையும் மறுபடி கழற்றிப் போட வேண்டியதுதான். தரையில் உட்கார்ந்து, மழையில் நனைந்த கோழி மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். தோள்வரை சோப்புப் போட்டாள்.

"தள்ளுங்க."

பெட்டியின் வாய்க்குள் கையை விட்டாள். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. உள்ளே விரல்கள் நடப்பது மட்டும் தோளில் தெரிந்தது. டாக்டரும் வைத்தியர்தான். ஆனால் விளக்குப் போட்டு, கண்ணாடி வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற வைத்தியர். இவள் இருட்டுக்குள் கையை அனுப்பிவிட்டு வெளியே அமைதியாகக் காத்திருந்தாள்.

"கால் வருது" என்றாள். வெளியே வந்தது கொறடு. மறுபடி போனாள். "இதோ தலை." அந்தப் பின் வெளியே வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்குத் தெரிவிச்சுடுங்க. தாயும் சேயும் நலம்."

எந்த அவர் என்று புரிய டாக்டருக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

பெயின்ட்டும் அடித்து முடித்தார். நல்ல பச்சை. காய்ந்ததும் முகம் தெரிந்தது. முதல்முறை எஞ்சின் பிடித்தபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காக்கைகள் மரத்தைவிட்டுப் பறந்தன. டாக்டர் பானெட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அதிர்வு உள்ளங்கை வழியாக ஏறி அவருடைய பற்களில் வந்து நின்றது. செத்துக் கிடந்த ஒன்று, தன் கையால், மூச்சு விடுகிறது. அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு வலி போயிருக்கிறது, யாரும் உயிர்த்தெழுந்ததில்லை.

இனி வக்கீல் சொன்ன கடைசிக் கட்டம்தான் பாக்கி. கடவாய்ப்பல்காரர் மனமுவந்து லாரியைக் கொடுத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். வசனத்தைக் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்வதாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை கொட்டியது. போன் வந்தது. மனைவி பேசிவிட்டு பூட்ஸை மாட்டினாள்.

"மேட்டுப் பண்ணையில பசுவுக்குப் பிரசவம். கன்னு குறுக்கா நிக்குதாம். என் கார் ஏறாது. லாரி சாவியக் குடுங்க."

டாக்டர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே சேறு. நடுவில் அவருடைய பச்சை லாரி, ஒரு கீறல் இல்லாமல், புதுமணப்பெண்ணைப் போல நின்றது. அவர் மனசு ஒரு நிமிஷம் சின்னதாகிவிட்டது.

"இல்லம்மா... அது அவரோட வண்டியாச்சே. அடுத்தவங்க சொத்து. கேக்காம எடுத்தா நல்லாருக்குமா?"

"கேட்டாச்சே."

"யாரைக் கேட்டே?"

"கடவாய்ப்பல்காரரைத்தான். நேத்து நீங்க கிளினிக்ல இருந்தப்போ வந்திருந்தாரு. நல்ல மனுஷர்ங்க. ரெண்டு கன்னமும் பாவம் ஒட்டிப்போய்க் கெடக்கு. வண்டியப் பார்த்துட்டு அழுதுட்டாரு. 'எனக்கு வயசாச்சும்மா, இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன், நீயே வெச்சுக்கோ, நாலு வாயில்லா ஜீவனுக்கு உதவட்டும்'னு எனக்கே குடுத்துட்டாரு."

டாக்டர் வாயைத் திறந்தார். எப்படி வந்தார் என்று கேட்கலாம். கேட்டால் அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். பொய் சொல்கிறாய் என்று சொல்லலாம். சொன்னால் முதல் பொய் யாருடையது? குளியலறையில் ஒத்திகை பார்த்த வசனம், வாங்குகிறவர் மட்டும் மாறி, மற்றபடி வார்த்தை பிசகாமல், அவள் வாயிலிருந்து வந்து முடிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே, வேலியோரம் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த வக்கீலைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார்.

"உரிமையாளரே மனசாரக் குடுத்துட்டாருன்னா, தானம் செல்லும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வக்கீல் உள்ளே போய்விட்டார். அவர் தொழில் வாழ்க்கையில் ஒரே விசாரணையில் முடிந்த வழக்கு அதுதான்.

சாவியைக் கொடுத்தார்.

மனைவி படியில் கால் வைத்து ஏறினாள். மருந்துப் பையைக் கொக்கியில் மாட்டினாள். டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். எல்லாம் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், அவள் உயரத்துக்கு இருந்தன. பக்கத்து சீட்டில் ஒடுங்கிக்கொண்டிருந்த டாக்டருக்கு அப்போதுதான் தான் இத்தனை நாளும் யாருக்கு லாரி கட்டினோம் என்று உறைத்தது.

மேட்டுப் பாதை பாதையாக இல்லை, ஓடையாக இருந்தது. அவள் இரண்டாவது கியர்ப்பெட்டியின் கம்பியை இழுத்தாள். அடியில் கடக்கென்று ஒரு சத்தம். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. அந்தப் பற்கள், ஒன்றொன்றாக அவர் துடைத்து எண்ணெய் பூசிய பற்கள், இப்போது மலையைக் கடித்துக்கொண்டு ஏறின. வண்டி அவசரப்படவில்லை. வழுக்கியது, நின்றது, யோசித்தது, ஏறியது. சேறு கண்ணாடியில் அறைந்தது. பச்சைப் பெயின்ட்டைக் கிளைகள் கீறின. ஒவ்வொரு கீறலுக்கும் டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் பிடிக்க மறந்துவிட்டார். மேகம் இவர்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

கொட்டகையில் அவள் ஈரத் தரையில் மண்டியிட்டாள். கை தோள்வரை உள்ளே போயிற்று. கண்ணை மூடினாள். அதே முகம். பண்ணைக்காரர் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இப்போ இழுங்க... மெதுவா... விடுங்க... இழுங்க." வழுக்கிக்கொண்டு ஒரு கன்று வைக்கோலில் வந்து விழுந்தது. மூச்சில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்தாள், விலாவைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தும்மல். அப்புறம் கன்று தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்தது.

டாக்டர் கன்றைப் பார்க்கவில்லை. தலைமுடியெல்லாம் வைக்கோலும் ஈரமுமாக உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டயருக்கு முன்னால் அப்படி மலைத்து நின்றோமே என்று வெட்கமாக இருந்தது. வருஷக்கணக்காக இவள் நடந்து ஏறியது இந்த மலையைத்தான். 'சமாளிச்சுக்கோ' என்று சொன்ன வாய் தன் வாய்தான்.

வீட்டுக்குத் திரும்பி இறங்கியதும் மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். கடவாய்ப்பல்காரர்னு ஒருத்தர் கெடையவே கெடையாது."

அவள் பூட்ஸைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

"அப்போ இந்த லாரி யாரோடது?"

"என்னோடதும்மா. நான்தான் வாங்கினேன்."

அவள் லாரியைப் பார்த்தாள். கூரை முதல் சக்கரம் வரை சேறு, சாணி, வைக்கோல். பின்பக்கம் சொல்லவே வேண்டாம். சாவியைத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"உங்களோடதா? ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ கழுவி வெச்சுடுங்க. காலையில எனக்கு வேணும்."