கண்ணாடிக்கு மாலை போட்டவன்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இது என் ஜாதகத்தில் இல்லாத, ஆனால் என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த தோஷம். சோறு வெந்துகொண்டிருந்தால் மூடியைத் திறந்து பார்ப்பேன். தூங்குகிற குழந்தை எவ்வளவு அழகாகத் தூங்குகிறது என்று எழுப்பிச் சொல்வேன். மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. அங்கே எவர்சில்வர் குடத்தில் விழும் வெயிலைப் பார்த்து நான் நாலு வரிக் கவிதை எழுதிக்கொண்டிருக்கும்போது, வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். (அண்ணன் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.)

அப்படிப்பட்டவனிடம், என் நாற்பத்தாறாவது வயதில், அதாவது புத்தி வந்து முடிந்திருக்க வேண்டிய வயதில், என் மனைவியின் தங்கை வடிவு ஒரே ஒரு வேலையைக் கொடுத்தாள். அந்த வேலையே சும்மா இருப்பதுதான்.

வடிவு சான்பாடாவில் குடியிருக்கிறாள். ஜன்னல் கண்ணாடியிலேயே மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியில் இருப்பவள். மொட்டை மாடியில் வைக்கும் கறுப்புப் பலகை இல்லை இது. பார்த்தால் சாதாரணக் கண்ணாடி. மிக லேசாக, தண்ணீர் கூடிப்போன டீயின் நிறம். முதன்முதலாக அதை அவள் எங்கள் செம்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, விரித்த செய்தித்தாள் அளவுக்கு இருந்த அந்தக் கண்ணாடி வழியாக நான் என் மனைவி கோமதியைப் பார்த்தேன். அப்படியே தெரிந்தாள். முறைத்தது உட்பட.

"கண்ணுக்குத் தெரியுத வெளிச்சத்த இது பெரும்பாலும் விட்டுரும் அத்தான். நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வெயில்ல நெறைய இருக்கு. அதத்தான் புடிச்சுக் கரண்டா மாத்தும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மனிதனுக்கு வேண்டியதை மனிதனுக்கு விட்டுவிட்டு, அவன் காணாததை மட்டும் உண்டு வாழும் ஒரு கண்ணாடி! இத்தனை வருடம் வரிவரியாக நான் செய்ய முயன்றதும் அதுதானே? இந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரே ஒரு மொட்டை மாடி. அதிலும் பாதியைத் தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜன்னல்கள்? ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டு பாருங்கள். குர்லா தாண்டியதும் இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலுக்கு மேல் ஜன்னல், ஒரு நகரமே கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அத்தனையும் விளக்கேற்றினால்!

"அத்தான், உக்காருங்க" என்றாள் வடிவு. "மொட்டை மாடிப் பலகை அளவுக்கு இதுல வராது. பாதி வெளிச்சத்த விட்டுட்டா மிச்சத்துல என்ன கெடைக்கும்? அதுலயும் ஜன்னல் நட்டுக்குத்தா நிக்குது, உச்சி வெயில் அது மேல சரிஞ்சுதான் படும். இதையும் சேத்து நெஞ்சில வச்சுக்கிடுங்க."

நான் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவளுக்கு ஒரு கட்டடம் வேண்டும். ஆறு கண்ணாடிகளை மாடிப்படி ஜன்னல்களில் பொருத்தி, ஒரு மழைக்காலம் உட்பட ஒரு வருடம் பார்க்க வேண்டும். கேட்ட குடியிருப்புகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. அந்த வாரத்துக்குள் ஒரு சம்மதக் கடிதம் கிடைக்காவிட்டால் கண்ணாடிகள் பெங்களூருக்குப் போய்விடும். கண்ணாடிகளோடு அவளும் போக வேண்டும். கோமதிக்கு இந்த ஊரில் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது தங்கை ஒருத்திதான். ஆகவே எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சம்மதம் வாங்கித் தருவது என் பொறுப்பு என்று நானே சொல்லிவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

சனிக்கிழமை தாராவியிலிருந்து சுடலை வந்தார். அலுமினிய ஜன்னல் வேலை. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். முதல் மாடித் திருப்பத்தில், தென்கிழக்கு பார்த்த ஜன்னலில் கண்ணாடியைப் பொருத்தினார். வடிவு அதிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, உள்ளங்கை அளவு விசிறி, அதில் கொடுத்தாள். சுற்றியது. சுடலை விரலை நீட்டிப் பார்த்தார்.

"எட்டி, நெசமாவே காத்து வருதுட்டீ!" என்று ஊர் உரிமையோடு வடிவிடம் சொன்னார்.

ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வடிவு கிளம்பினாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துருவேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணுஞ் செய்யாண்டாம் அத்தான். துடைக்கக்கூட வேண்டாம்."

ஞாயிறு காலை. குளிர்கால வெயில் மாடிப்படியில் மஞ்சளாக இறங்கியிருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடி என்னைப் பார்த்தது. முகத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. எங்கள் வீட்டில் மிக்ஸி வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஓட்டியதில்லை. ஆயுத பூஜையன்று தராசு, கால்குலேட்டர், கடை ஷட்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். சூரியனையே வீட்டுக்குக் கூட்டி வரும் ஒரு பொருளை இப்படி வெறும் நெற்றியோடு சபையில் நிறுத்துவதா?

நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பிறகு, முந்தின இரவே வாங்கி ஃபிரிட்ஜில் ஒளித்து வைத்திருந்த கேந்திப்பூச் சரத்தை எடுத்தேன். மணிக்கட்டுத் தடிமன். நடுவில் போட்டால் பார்வையை மறைக்கும். எனவே சூரியனும் பார்க்கட்டும் என்று, பக்கத்துக் கதவைத் தள்ளிக் கையை விட்டு, வெளிப்பக்கமாக இடது ஓரத்தில், உச்சியிலிருந்து அடிவரை நேராகத் தொங்கவிட்டு, ஆடாமல் இருக்க டேப் ஒட்டினேன். ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டு பக்கமும் போட்டால் மரபுக் கவிதை ஆகிவிடும் என்று நினைத்த ஞாபகம்.

கோமதி வந்து பார்த்தாள். "அவ என்ன சொல்லிட்டுப் போனா? ஒண்ணுஞ் செய்யாதீங்கன்னாளா இல்லியா?"

"நான் கண்ணாடியத் தொடவே இல்லியே. பூதான் தொட்டுக்கிட்டு இருக்கு."

பத்தே முக்காலுக்கு வடிவிடமிருந்து போன். ஹார்பர் லைனில் மெகா பிளாக், அதாவது ஞாயிற்றுக்கிழமைத் தண்டவாள வேலை. ரயில் இல்லை. பஸ்ஸில் ஏறி, வாஷி பாலத்தின் நடுவில் அசையாமல் நிற்கிறாள்.

"கூட்டத்தக் கொஞ்சம் தள்ளி வைங்க அத்தான். நான் இல்லாம ஆரம்பிக்காதீங்க."

"நீ நிதானமா வா" என்றேன். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் சட்டைப்பையில் நாலு பக்க உரை இருந்தது.

பதினொன்றுக்கு மாடிப்படியே அரங்கமாகிவிட்டது. மேல்படிகளில் பெண்கள், கீழ்ப்படிகளில் ஆண்கள், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மினிட்ஸ் நோட்டோடு செக்ரட்டரி தேஷ்பாண்டே. எதையும் நம்பாத ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி. கட்டடத்தில் எல்லோருக்கும் காகூ, அதாவது மராத்தியில் சித்தி. ஒயர் கொடுக்க சுடலையும் வந்திருந்தார்.

நான் என் பாத்திரக்கடை இந்தியில் உரையாற்றினேன். ஜன்னல்கள் கண் விழிக்கும் காலம் என்றேன். வெயிலைக் குடித்து வெளிச்சம் கொடுக்கும் கண்ணாடி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்தாம் மாடி மூட்டுவலிக்காரர்கள் முகத்தில் ஆர்வம் தெரிந்ததும், "நாளை நம் லிஃப்ட் இதில்தான் ஓடும்!" என்றேன். தேஷ்பாண்டே பேனாவைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்.

"சுடலை அண்ணாச்சி, கொடுங்க ஒயர!"

கொடுத்தார். கைதட்டத் தூக்கிய கைகள் காற்றில் நின்றன.

விசிறி சுற்றவில்லை.

"ஒயரு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்று சுடலை கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றி மாட்டினார். விசிறி தியானத்தில் இருந்தது. "நேத்து சுத்துச்சுல்லா? ஒருவேளை பூவு மறைக்கோ?"

"என்ன அண்ணாச்சி பேசுதீங்க? ஓரத்துல ஒரு கோடுதான மறைஞ்சிருக்கு? மிச்சக் கண்ணாடி பூராவும் திறந்துதான கெடக்கு!" என்றேன். பிறந்ததிலிருந்து அறிவியல் படித்தவன் மாதிரி.

தேஷ்பாண்டே நிதானமாகச் சொன்னார்: "லிஃப்ட் தோ பாத் மே, பாயி. பெஹலே பங்கா சலாவோ." லிஃப்ட் பிறகு ஓடட்டும், முதலில் விசிறியை ஓட்டு என்று அர்த்தம். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது.

காகூவுக்கு மட்டும் இரக்கம். திருஷ்டி பட்டுவிட்டது என்று சொல்லி, தன் வாசலில் தொங்கிய எலுமிச்சை மிளகாய்ச் சரத்தைக் கழற்றி வந்து கண்ணாடியின் வலது ஓரத்தில் மாட்டினார். நான் தடுக்கவில்லை. அது மட்டுமா, ஒரு சூடத்தையும் ஏற்றிக் காட்டினேன். விளக்கேற்ற வந்த கண்ணாடியின் முகத்தில் புகை படிந்தது. மரியாதை கூடக்கூட அது இன்னும் அடக்கமாகிக்கொண்டே போனது.

"அப்போ நாமஞ்சூர் என்று எழுதிவிடட்டுமா?" என்றார் தேஷ்பாண்டே. அப்படியென்றால் மறுப்பு.

அப்போது நான் கோமதியைப் பார்த்தேன். அவள் என்னை முறைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கண்ணாடியையும் பார்க்காமல், தங்கை வரவேண்டிய கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெங்களூர் அந்தக் கண்ணில் தெரிந்தது. என் உரையின் நாலாவது பக்கத்தை மடித்து உள்ளே வைத்தேன்.

கீழே ஆட்டோ நிற்கும் சத்தம். பையும் வியர்வையுமாக வடிவு ஏறி வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள், எலுமிச்சையைப் பார்த்தாள், தரையில் கருகிய சூடத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு அத்தான் கல்யாணம்?"

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி டேப்பைப் பிரித்தாள். கேந்திச் சரத்தை இரண்டு விரலால் தூக்கினாள்.

விர்ரென்று கிளம்பியது விசிறி. அதன் மேல் உதிர்ந்து கிடந்த ஒரு கேந்தி இதழ் பறந்துபோய் தேஷ்பாண்டேயின் நோட்டில், 'நாம' என்று எழுதி நிறுத்திய இடத்தில் உட்கார்ந்தது.

படிக்கட்டு ஆரவாரித்தது. தேஷ்பாண்டே மட்டும் கைதட்டவில்லை. இதழை ஊதிவிட்டு, ஒரு முழம் பூவுக்கே நின்றுவிடுகிற சாமான் எதற்கு ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தால் இன்னொரு உரை நிகழ்த்தியிருப்பேன்.

வடிவு எல்லோரையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். உற்றுப் பார்த்தால் கண்ணாடியில் தலைமுடி போல மெல்லிய கோடுகள், மேலிருந்து கீழாக. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு பட்டை. தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒற்றை வரிசையாக நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒருத்தர் செருப்பு வாரைச் சரி பண்ண நின்றால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். மின்சாரமும் இந்தப் பட்டைகளில் அப்படித்தான் வரிசையாகப் போகிறது. ஒரு பட்டையை மட்டும் முழுதாக மூடினால் போதும், மொத்தமும் நின்றுவிடும். எங்கள் அத்தான் கச்சிதமாக அதைத்தான் செய்திருக்கிறார் என்றாள்.

"லிஃப்ட் ஓடுமா?" தேஷ்பாண்டே நோட்டைக் காட்டினார்.

"ஓடாது."

யாரோ 'அய்யோ' என்றார்கள்.

"மாடிப்படி விளக்கு எரியலாம். கேட் கேமரா ஓடலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். லேப்ல இது நல்லா வேலை செய்யுது. ஆனா லேப்ல புறா கிடையாது. பக்கத்து பில்டிங் இடிக்கிற தூசி கிடையாது. காகூ காயப்போடுற ஈரத் துண்டு கிடையாது. மும்பை மழை கிடையாது. இதெல்லாம் இருக்கிற இடத்துல இது பிழைக்குமான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உங்க படிக்கட்டக் கேக்கறேன்." இந்தியில்தான் சொன்னாள். ஆனால் என் காதில் இன்றுவரை இப்படித்தான் ஒலிக்கிறது.

தேஷ்பாண்டே தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாது என்று சொல்கிற ஒரு ஆளை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறேன் என்றார். 'நாம' என்பதை அடித்துவிட்டு 'மஞ்சூர்' என்று எழுதினார். கூடவே இரண்டாவது தீர்மானம், என் பெயர் போட்டு: மேற்படி நபர் பூ, சந்தனம், சூடம் எதனோடும் மேற்படி ஜன்னல்களை நெருங்கக் கூடாது, ஆனால் தினமும் காலையில் ஆறு ஜன்னல்களிலும் நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது மேற்படி நபரின் பொறுப்பு. ஏகமனதாக நிறைவேறியது. கோமதி இரண்டு கையையும் தூக்கினாள்.

ஒரு வருடம் புறா விரட்டினேன். மழையில் ஒரு கண்ணாடியின் ஓரத்தில் ஈரம் ஏறி, வெளுத்து, உயிரை விட்டது. வடிவு அதை நோயாளியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனாள். மற்ற ஐந்தும் நிற்கின்றன. அவற்றின் மின்சாரம் சுடலை மாட்டிய ஒரு பேட்டரிப் பெட்டியில் சேர்கிறது; பொழுது சாய்ந்ததும் மாடிப்படியில் ஐந்து சின்ன விளக்குகள். லிஃப்ட் இதில் ஓடவில்லை. ஓடவும் ஓடாது. ஆனால் கடை அடைத்துவிட்டு வரும்போது அந்த வெளிச்சத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் ஏறுவேன். மதியம் எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் வந்து, யாருக்கும் தெரியாமல் நின்ற வெளிச்சம், இப்போது என் செருப்பு எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டுகிறது. இதற்கு நான் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு மாலையாகிவிடுமோ என்று பயம்.

மாட்டுங்காவில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது, முன்வரிசையிலிருந்து கோமதி, "மூடாதீங்க, நின்னுருவாரு!" என்றாள். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

வடிவின் ஆய்வுக்கூடத்தில் இப்போது புதிதாக எந்தக் கண்ணாடி செய்தாலும், ஒரு பட்டையை மறைத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறார்களாம். அதற்கு அங்கே பெயரே 'அத்தான் டெஸ்ட்'. அண்மையில் சேர்ந்த அஸ்ஸாம்காரப் பையன் ஒருவன், அத்தான் எந்த நாட்டு விஞ்ஞானி, ஜப்பானா என்று பயபக்தியோடு கேட்டிருக்கிறான்.

"இல்ல, செம்பூர்" என்றாளாம் வடிவு. "இன்னும் நல்லாத்தான் இருக்காரு. பாக்கணும்னா போய்ப் பாரு. பூ மட்டும் வாங்கிட்டுப் போயிராத."